கிரெடிட் கார்டு: இரண்டு தேதியும் ஒரு ஸ்கோரும்

கார்டு கையில் வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது லிமிட்டை. எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள், கூட வேலை பார்ப்பவருக்குக் கிடைத்ததைவிடக் கூடவா குறைச்சலா என்று ஒரு கணக்கு. அது இருக்கட்டும். கார்டோடு வந்த தாளிலோ ஆப்பிலோ இரண்டு தேதிகள் இருக்கும்: பில் போடும் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி. இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் கார்டு என்பது வட்டியில்லாத கைமாற்று. மறந்துவிட்டால் அதே கார்டு கந்துவட்டிக்காரர் கேட்பதைப் போன்ற ஒரு தொகையை, குரலை உயர்த்தாமல், பிடிஎஃப்பாக அனுப்பிக் கேட்கும்.

முதல் கார்டு வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நாலைந்து கார்டு வைத்துப் பாயிண்ட் சேர்ப்பவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இருக்காது. ரீஃபண்ட் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வேண்டுமானால் பாருங்கள்.

வட்டியில்லாத நாட்களை எண்ணுவது

உங்கள் பில் தேதி மாதாமாதம் 10, கடைசித் தேதி 30 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 11 அன்று ஒரு பொருள் வாங்குகிறீர்கள். மார்ச் பில் முந்தின நாளே முடிந்துவிட்டதால் இது ஏப்ரல் 10 பில்லில் ஏறும். அதைக் கட்ட ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது. ஆக 50 நாள். அதே பொருளை ஏப்ரல் 9 அன்று வாங்கியிருந்தால் மறுநாளே பில் விழும். கையில் இருப்பது 21 நாள்தான். விளம்பரத்தில் "50 நாள் வரை வட்டியில்லை" என்று போடுகிறார்களே, அதில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. பிரிட்டனில் இதையே 56 நாள் வரை என்று விளம்பரம் செய்கிறார்கள். நாடும் கார்டும் மாறினால் எண் மாறும், கணக்கு இதேதான்.

பெரிய செலவு ஒன்று எப்படியும் செய்தாக வேண்டும், இரண்டு நாள் தள்ளிப்போட முடியும் என்றால், பில் தேதி தாண்டியதும் செய்யுங்கள். ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். பில் தேதிக்கு முந்தின நாள் தேய்த்தது சில நேரம் ஓரிரு நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள். எந்த பில்லில் வந்தது என்பதை ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பில்லில் இருக்கும் மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்ட வேண்டும். முக்கால்வாசி கட்டினேன், கொஞ்சம்தான் பாக்கி என்பதெல்லாம் செல்லாது. அப்புறம், ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் இந்தச் சலுகை பெரும்பாலான கார்டுகளில் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். கார்டின் ஏடிஎம் பின் நம்பரை நான் மறந்தே விட்டேன், நல்லதாகப் போயிற்று.

ஏன் இவ்வளவு தாராளம் என்று தோன்றலாம். ஒவ்வொரு முறை நீங்கள் தேய்க்கும்போதும் கடைக்காரர் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாக இழக்கிறார். அதில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். மீதி வருமானத்தில் பெரும்பகுதி, பில்லை முழுசாகக் கட்டாதவர்களின் வட்டி. அமெரிக்கக் கார்டுத் தொழிலில் மாதாமாதம் முழு பில்லையும் கட்டுகிறவரைக் கேலியாக 'டெட்பீட்' என்பார்கள். கடனைக் கட்டாமல் ஓடுகிறவனைத் திட்டும் சொல் அது. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு அந்தப் பட்டம்! வாங்க வேண்டிய பட்டம்தான்.

கார்டு வந்த அன்றே செய்ய வேண்டியவை

முதல் வேலை ஆட்டோ டெபிட்: பில் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டிவிடும் ஏற்பாடு. இதில் பொதுவாக இரண்டு வழி கேட்பார்கள்: மொத்த பாக்கியா, மினிமம் டியூவா (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை). மொத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். சில படிவங்களில் மினிமம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும், மாற்றிவிடுங்கள். முதல் பில்லுக்கு ஆட்டோ டெபிட் வேலை செய்யாமல் போவதுண்டு, அதனால் அந்த ஒரு மாதம் நீங்களே கட்டிவிடுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் திரும்பினால் கார்டு பக்கமும் அபராதம், வங்கிக் கணக்குப் பக்கமும் அபராதம்.

இரண்டாவது, கடைசித் தேதியைச் சம்பளம் வந்து நாலைந்து நாளுக்குள் விழுமாறு மாற்றிக்கொள்வது. கேட்டால் பல வங்கிகள் மாற்றித் தரும். இந்தியாவில் ஒரு முறையாவது பில் சுழற்சியை மாற்றிக்கொள்ள விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு முந்தின வாரம் கடைசித் தேதி வந்தால், என்ன ஒழுக்கம் இருந்தாலும் ஒரு மாதம் இல்லாவிட்டால் ஒரு மாதம் இடறும்.

மூன்றாவது, உங்களுக்கென்று ஒரு லிமிட். வங்கி 1,00,000 கொடுத்திருந்தால் அது அவர்களின் தைரியம். நீங்கள் உங்கள் சேமிப்புக் கணக்கில் இன்று இருக்கும் பணத்துக்கு மேல் தேய்க்காதீர்கள். கார்டில் செலவழித்த அன்றே அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி வைக்கும் ஒரு நண்பர் எனக்கு உண்டு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, வாரம் ஒரு முறை ஆப்பைத் திறந்து பார்ப்பதோடு சரி. மற்றபடி எஸ்எம்எஸ் அறிவிப்பை எல்லாப் பரிவர்த்தனைக்கும் போட்டு, வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

கொஞ்சம் பாக்கி வைத்தால் என்ன ஆகும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. வருடத்துக்கு 42 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்த்தால் 51 சதவீதம். மார்ச் 11 அன்று 30,000க்கு வாங்கினீர்கள், ஏப்ரல் 30 அன்று 29,000 கட்டிவிட்டு 1,000 மட்டும் பாக்கி வைத்தீர்கள். அந்த ஆயிரத்துக்குத்தானே வட்டி? பல கார்டுகளில் அப்படி இல்லை. முழுசாகக் கட்டாததால் வட்டியில்லாச் சலுகை ரத்தாகி, வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை 30,000க்கும் வட்டி போடுவார்கள். 50 நாளுக்கு அது சுமார் 1,726. வைத்த பாக்கியைவிட வட்டி அதிகம். இதோடு அடுத்த மாதம் நீங்கள் வாங்கும் புதுப் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி மொத்தமும் தீரும்வரை சலுகை திரும்பாது. கணக்குப் போடும் முறை கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால், உங்கள் கார்டின் விதிமுறைத் தாளில் உள்ள உதாரணக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். தாளில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மினிமம் டியூ என்பது வேறொரு வலை. 50,000 பாக்கி, மினிமம் 5 சதவீதம் என்றால் 2,500 கட்டச் சொல்வார்கள். கட்டினால் லேட் ஃபீ வராது, கிரெடிட் ஸ்கோரில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) தாமதம் என்று பதியாது. ஆனால் அந்த 2,500இல் 1,750 வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 750. இப்படியே மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டி, புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்கூட, பாக்கி பாதியாகக் குறைய கிட்டத்தட்ட நாலு வருடம் ஆகும். அதற்குள் சுமார் 83,000 கட்டியிருப்பீர்கள். இன்னும் 25,000 நிற்கும்.

நான் மாட்டியது இவை இரண்டிலும் இல்லை, ரீஃபண்டில். வாங்கிய பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன், கடையும் ஒப்புக்கொண்டது. அதற்குள் பில் வந்துவிட்டது. திரும்பி வரப்போகும் பணம்தானே என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன். ரீஃபண்ட் கடைசித் தேதி தாண்டி மூன்றாம் நாள் வந்தது. மொத்த பில்லுக்கும் வட்டி. கஸ்டமர் கேரில் அரைமணி நேரம் வாதாடி ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினேன், அது அதிர்ஷ்டம். அதிலிருந்து ஒரு பழக்கம்: பில்லில் அச்சான தொகை எதுவோ அதை அப்படியே கட்டிவிடுவேன். ரீஃபண்ட் வந்தால் அடுத்த பில்லில் கழிந்துகொள்ளும், எங்கேயும் ஓடிப்போகாது.

ஏற்கெனவே பாக்கி ஏறிவிட்டவர்கள் முதலில் அந்தக் கார்டில் செலவை நிறுத்துங்கள். வங்கியைக் கூப்பிட்டு இஎம்ஐயாக, அதாவது மாதத் தவணையாக, மாற்றச் சொல்லுங்கள், அல்லது வட்டி குறைந்த தனிநபர் கடன் வாங்கி கார்டு பாக்கியை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொரு கார்டைக் கட்டுவது மட்டும் வேண்டாம்.

பூஜ்ய வட்டி என்றால் எந்தப் பூஜ்யம்?

மேலே சொன்ன 50 நாள் போக, 'ஆறு மாதம் 0%', 'பன்னிரண்டு மாதம் 0%' என்றெல்லாம் சலுகைகள் வரும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வெவ்வேறு.

ஒன்று, அறிமுகக் காலச் சலுகை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது சாதாரணம். கார்டு எடுத்த முதல் இத்தனை மாதம் வாங்கும் பொருளுக்கு வட்டியில்லை, மாதம் மினிமம் கட்டினால் போதும். உண்மையான பூஜ்யம்தான். ஆனால் கட்டத் தவறினால் சலுகை பறிபோகலாம். காலம் முடிந்த மறுநாள் பாக்கிக்கு முழு வட்டி ஆரம்பிக்கும். எனவே 60,000க்கு வாங்கி 12 மாதச் சலுகை இருந்தால், 12ஆல் வகுக்காமல் 11ஆல் வகுங்கள். மாதம் 5,500 போட்டால் ஒரு மாதம் மிச்சம் இருக்கும்போதே கடன் முடியும்.

பழைய கார்டின் பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றி வட்டியில்லாமல் கட்டும் சலுகையும் உண்டு. இதற்கு மாற்றும்போதே ஒரு கட்டணம் பிடிப்பார்கள். 3 சதவீதம் என்றால் 60,000க்கு 1,800. வருடம் 40 சதவீத வட்டிக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, லாபம்தான். ஆனால் அந்தப் புதுக் கார்டில் சாமான் வாங்க ஆரம்பித்தால் கதை கந்தல். மாற்றிய பாக்கிக்குத்தான் பூஜ்யம், புதுச் செலவுக்கு அநேகமாக இருக்காது.

மூன்றாவது வகை ரொம்ப ஆபத்தானது, அமெரிக்கக் கடைகளின் கார்டுகளில் அதிகம் பார்க்கலாம். "12 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டியில்லை." அந்தக் 'கட்டினால்' என்ற சொல்தான் பொறி. கடைசி மாதம் கொஞ்சம் பாக்கி நின்றால்கூட, வாங்கிய முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்த வட்டி மொத்தத்தையும் தலையில் கட்டுவார்கள். ஒத்திவைத்த வட்டி அது, இல்லாத வட்டி இல்லை.

இந்தியாவின் 'நோ காஸ்ட் இஎம்ஐ' இன்னொரு ரகம். வட்டி இருக்கும், அதே அளவு தொகையைத் தள்ளுபடி என்று விலையில் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் ஃபீயும் சேரலாம். ரொக்கமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இழக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்கு வெளிப்படையாக எழுதியது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரொக்க விலை என்ன, இஎம்ஐயில் மொத்தம் எவ்வளவு போகிறது என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்கோர் எதைப் பார்க்கிறது

ஸ்கோர் என்பது உங்கள் பண வசதிக்கான மார்க் கிடையாது. வாங்கிய கடனை நேரத்துக்குத் திருப்பிக் கொடுப்பீர்களா என்பதற்கு ஒரு கணிப்பு. உங்கள் சம்பளம், வங்கி இருப்பு, நகை, நிலம் எதுவும் ஸ்கோர் கணக்கில் வராது. கோடீஸ்வரருக்கும் ஸ்கோர் மோசமாக இருக்கலாம். கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது.

இந்தியாவில் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. சிபில் என்பது எல்லாருடைய கடன் விவரத்தையும் சேர்த்து ஸ்கோர் போடும் ஒரு நிறுவனத்தின் பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. அமெரிக்காவில் 1989இல் வந்த ஃபைக்கோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. ஆளுக்கு ஒரே ஸ்கோர்தான் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் கையில் இருக்கும் தகவல், தன் கணக்கு முறை. இரண்டு ஆப்பில் இரண்டு எண் வந்தால் பதற ஒன்றுமில்லை.

ஃபைக்கோ தன் கணக்கின் பங்குகளை வெளியே சொல்லியிருக்கிறது: நேரத்துக்குக் கட்டிய வரலாறு 35 சதவீதம், வாங்கியிருக்கும் கடனின் அளவு 30, கணக்குகளின் வயது 15, புதுக் கடன் விண்ணப்பங்கள் 10, கடன் வகைகளின் கலவை 10. மற்ற நிறுவனங்களின் விகிதம் மாறினாலும், முதல் இரண்டும்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். மொத்த பில்லுக்கு ஆட்டோ டெபிட் போட்ட அன்றே முதல் பங்கை நீங்கள் கையாண்டாகிவிட்டது.

இரண்டாவதில்தான் ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் குழம்புகிறார்கள். லிமிட் 1,00,000, மாதம் 80,000 தேய்க்கிறீர்கள், ஒரு மாதம் தவறாமல் முழுசாகக் கட்டுகிறீர்கள். ஆனாலும் ஸ்கோர் ஏறவில்லை. காரணம், வங்கி பொதுவாக பில் தேதியன்று இருக்கும் பாக்கியைத்தான் ஸ்கோர் போடும் நிறுவனங்களுக்கு அறிக்கையாக அனுப்புகிறது. நீங்கள் கட்டுவதற்கு முன்பே லிமிட்டில் 80 சதவீதம் பயன்பாடு என்று பதிந்துவிடுகிறது. இதை 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான கைக்கணக்கு. வழி எளிது: பில் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு 60,000ஐக் கட்டிவிடுங்கள். பில்லில் 20,000 மட்டும் வரும், அதைக் கடைசித் தேதியில் கட்டுங்கள். பார்த்தீர்களா, மறுபடி அந்த இரண்டு தேதிகள்தான். வட்டிக்குக் கடைசித் தேதி முக்கியம், ஸ்கோருக்கு பில் தேதி. இன்னும் சில மாதத்தில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதற்கு மெனக்கெடுங்கள். பல ஸ்கோர் முறைகளில் பழைய பயன்பாட்டுக்கு நினைவு கிடையாது. பாக்கி குறைந்தால் அடுத்த அறிக்கையிலேயே எண் திரும்பிவிடும்.

கொஞ்சம் பாக்கி வைத்தால் ஸ்கோர் ஏறும் என்று ஒரு வதந்தி உண்டு. பொய். அதனால் லாபம் வங்கிக்கு மட்டும்.

உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பதால் அது குறையாது. நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்து வங்கி பார்த்தால்தான் பதிவாகும், எண் சற்று இறங்கும். ஒரே மாதத்தில் ஐந்து கார்டுக்கு விண்ணப்பிப்பவர் பணமுடையில் இருப்பவர்போலத் தெரிவார். ஒரு கார்டு மறுக்கப்பட்டால் உடனே அடுத்ததற்கு ஓடாமல், ஏன் என்று உங்கள் கடன் வரலாறு பதிந்திருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பழைய கார்டை மூடும் முன்பும் யோசிக்க வேண்டும், மொத்த லிமிட் குறைந்து பயன்பாட்டுச் சதவீதம் ஏறிவிடும். வருடக் கட்டணம் உறுத்துகிறது என்றால் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும். மச்சானே ஆனாலும்.

ஸ்கோரே இல்லாதவர் எங்கே தொடங்குவது

கடன் வரலாறு இல்லாததால் கார்டு தர மாட்டார்கள், கார்டு இல்லாததால் வரலாறு வராது. இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி, ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதன்மேல் வாங்கும் கார்டு. டெபாசிட்டுக்கு வட்டி வரும், அதை ஒட்டி லிமிட் கிடைக்கும். டெபாசிட்டைப் பிணையாக வாங்கிக்கொண்டு கொடுக்கும் கார்டுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. மாதம் ஒரு போன் பில்லை மட்டும் அதில் கட்டி, முழுசாக அடைத்துவந்தால் போதும். ஃபைக்கோ ஸ்கோர் உருவாக, ஒரு கணக்காவது ஆறு மாதம் பழையதாக இருக்க வேண்டும், அதனால் மூன்றாம் மாதமே எண்ணைத் தேடாதீர்கள்.

நாடு மாறினால் ஸ்கோர் உங்களோடு வராது. ஊரில் 800 வைத்திருந்தவரும் அங்கே போனால் புதுமுகம்தான். பிரிட்டன் போகிறவர்கள் ஒன்று செய்யலாம்: வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்ளுங்கள். காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு. முகவரியைச் சரிபார்க்க அந்தப் பட்டியலைத்தான் அங்கே பார்க்கிறார்கள், அதனால் பெயர் இருந்தால் உதவும்.

ரிப்போர்ட்டை எடுத்துப் படிப்பது

எண்ணைவிட ரிப்போர்ட் முக்கியம். இந்தியாவில் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஒரே நாளில் நான்கையும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

திறந்ததும் கணக்குகளின் பட்டியலுக்குப் போங்கள். நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா? அடைத்து முடித்த கடன் இன்னும் திறந்தே நிற்கிறதா? ஒரு கணக்குக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. முழுக் கடனையும் கட்டாமல் பேரம் பேசிக் குறைத்து முடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்துக் கடன் கொடுப்பவர் அதைக் குறையாகத்தான் பார்ப்பார். வேண்டியது 'க்ளோஸ்டு'. பழைய கடனை அடைக்கும்போதே நிலுவை இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு கண்டால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். சம்பந்தப்பட்ட வங்கிக்கும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் தகவலைத் திருத்த வேண்டியது அவர்கள்தான். இந்தியாவில் 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். புகார் எண்ணையும் பதிந்த தேதியையும் குறித்து வைத்தால்தான் அதைக் கேட்க முடியும். 2025 ஜனவரி முதல் இந்திய வங்கிகள் 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும். திருத்தம் ஏறிவிட்டது என்று பதில் வந்ததும் மூன்று வாரம் பொறுத்து ரிப்போர்ட்டை மறுபடி திறந்து, அந்த வரி மாறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.